ரேடியோ கண்டக்டர் பேசக் கற்றது

அந்த வழித்தடத்தில் அவரை எல்லாரும் ரேடியோ என்றுதான் கூப்பிட்டார்கள். பணிமனையில் தொடங்கி நகரத்தின் மறுகோடியில் இருந்த பெரிய பஸ் ஸ்டாண்டில் முடியும் வழி அது. மொத்தம் முப்பத்தோரு நிறுத்தம். பத்தொன்பது வருஷமாக அதில் கண்டக்டர். காலையில் முதல் விசில் ஊதும்போது திறக்கிற வாய், சாயங்காலம் பையைக் கழற்றி வைக்கிற வரைக்கும் மூடாது. மூட்டையும் முடிச்சுமாக ஏறுகிற பெண்ணைப் பார்த்து, "அம்மா, ஒரு சீட்டுதான் இருக்கு. நீங்க உக்காரப் போறீங்களா, மூட்டை உக்காரப் போகுதா? ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க" என்பார். படியில் தொங்குகிற கல்லூரிப் பையன்களிடம், "ராஜாக்களே, உள்ளே சிம்மாசனம் எல்லாம் காலியா கெடக்கு. கொஞ்சம் ஏறி வந்து நாட்டைக் காப்பாத்துங்க" என்பார். திட்டுகிற ஆளும் சிரித்துவிட்டுத்தான் திட்டுவான். முன்னால் வருகிற பஸ்ஸை விட்டுவிட்டு ரேடியோ வண்டிக்காகக் காத்து நின்றவர்கள் உண்டு.

வீட்டிலும் அதே அலைவரிசைதான். மனைவி ஒரு மூக்குக்கண்ணாடிப் பட்டறையில் வேலை பார்த்தாள். பதினேழு வயதில் ஒரு மகள். இருவரும் சாப்பிட உட்கார்ந்தால் பஸ்ஸில் அன்றைக்கு நடந்தது அத்தனையும் ஆள் ஆளாக, குரல் மாற்றி, நடித்துக் காட்டப்படும். இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். தட்டைக் கழுவும் நேரம் வரும். அன்றைய ஒலிபரப்பு முடிந்துவிடும்.

நாற்பத்தேழாவது வயதில், ஒரு காலை நேரத்தில், மரக்கடை நிறுத்தத்துக்கும் பழைய பாலத்துக்கும் நடுவில் அது நடந்தது. பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. "பாலம் இறங்கு" என்று சொல்ல வாயைத் திறந்தார். "பா... பா... பா" என்று வந்தது. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். மறுபடி முயன்றார். "பாபா... தா" என்றது வாய். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். ரேடியோ இன்றைக்குப் புதுசாக ஏதோ அவிழ்த்துவிடுகிறார் என்று பின் சீட்டிலிருந்து ஒருவன் கைகூடத் தட்டினான். விசில் வலது கையிலிருந்து நழுவி விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. அப்போதும் யாரோ சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஜன்னலோரம் இருந்த ஒரு நர்ஸ்தான் அவர் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். "டிரைவர்! வண்டியை நிறுத்தாதீங்க! நேரா ஆஸ்பத்திரிக்கு விடுங்க!" என்று கத்தினாள்.

டிரைவர் அவரோடு பதினோரு வருஷம் ஓடியவர். ஒரு கேள்வி கேட்கவில்லை. முகப்பு விளக்கைப் போட்டார், ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. பாலத்தில் இறங்க வேண்டியவர்கள், சந்தையில் இறங்க வேண்டியவர்கள், தேர்வுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் என எழுபது பேரையும் சேர்த்து ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். அந்த எழுபது பேரில் ஒருவர்கூட அன்றைக்கு முணுமுணுக்கவில்லை.

மூளையில் ரத்தம் உறைந்துவிட்டது என்றார் டாக்டர். சீக்கிரம் கொண்டுவந்ததால் உயிருக்கு ஆபத்தில்லை. வலது கைக்கும் காலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெம்பு வந்துவிடும். "ஆனா பேச்சு இருக்கிற இடத்துல அடிபட்டிருக்கு. நீங்க பேசறது அவருக்குப் புரியும்மா. அவர் நினைக்கறதும் நல்லாத்தான் இருக்கும். வார்த்தைதான் வராது."

மனைவி கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் மூன்று வாரத்துக்கு அவர் வாயில் ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது. கதவு. ஏன் கதவு என்று யாருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. தண்ணீர் வேண்டும் என்று நினைப்பார், "கதவு" என்று வரும். மகளைக் கூப்பிட நினைப்பார், "கதவு" என்று வரும். தப்பு என்று அந்தக் கணமே தெரியும். தெரிந்து என்ன செய்ய? பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி முயல்வார். மறுபடியும் கதவு.

பார்க்க வந்தவர்களில் மனைவியின் அண்ணனும் ஒருவர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மைத்துனரின் கையைப் பிடித்துக்கொண்டு, "மாப்பிள்ளை, எது நடந்தாலும் நல்லதுக்குத்தான். நாள் பூரா கத்திக் கத்தி ஓடா தேய்ஞ்சு போயிட்டீங்க. கொஞ்சம் ஓய்வு எடுக்கணும்னு மேல இருக்கிறவன் நினைச்சிருக்கான்" என்றார்.

ரேடியோவின் முகம் சிவந்தது. "கதவு" என்றார். "கதவு! கதவு!"

அண்ணன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். அவர் போன பிறகு மனைவி சொன்னாள்: "பாவம், எங்க அண்ணன். அவரை வெளிய போகச் சொன்னீங்கன்னு அவருக்குப் புரியவே இல்ல." அவர் அவளையே பார்த்தார். பிறகு இழுத்துக்கொண்ட வாயோடு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். விழுந்த பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில், மருந்துக் கிடங்குக்குப் பக்கத்தில், பேச்சுப் பயிற்சி அறை இருந்தது. ஒரு மேசை, மூன்று நாற்காலி, ஒரு கண்ணாடி, ஒரு பெட்டி நிறையப் பட அட்டைகள். பயிற்சி கொடுக்கிற பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். எல்லாரும் பேச்சு டீச்சர் என்றார்கள். முதல் நாளே அவள் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டாள்.

"பழையபடி ஆயிடுமான்னு கேக்காதீங்க. எனக்குத் தெரியாது. வேலை செஞ்சா வரும். செய்யாட்டி வராது. எவ்வளவு செஞ்சாலும் கொஞ்சம் வராமலே போகலாம். இதுக்கு ஒத்துக்கிட்டா நாளைக்கு ஒன்பது மணிக்கு வாங்க."

ஒரு மாதமாக அவரைச் சுற்றி எல்லாரும் தேன் தடவிய பேச்சாகவே பேசிக்கொண்டிருந்தார்கள். இவள் ஒருத்திதான் உள்ளதைச் சொன்னாள். மறுநாள் எட்டே முக்காலுக்கே அந்த அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

படத்தைக் காட்டுவாள். சீப்பு, குடை, சாவி, செருப்பு. ஒன்றும் வராது. ஒன்று இரண்டு எண்ணச் சொன்னாள். அது மட்டும் கடகடவென்று பத்து வரைக்கும் வந்தது. வரிசையாக மனப்பாடம் ஆனவை மூளையில் வேறொரு பக்கம் தப்பித்து நிற்கும் என்றாள் டீச்சர். கூட வந்திருந்த மனைவிக்கு அப்போதுதான் அது தோன்றியது.

"ஸ்டாப்பு பேரெல்லாம் சொல்லச் சொல்லிப் பாக்கலாமா?"

"நீங்க ஆரம்பிங்க."

"பணிமனை" என்றாள் மனைவி.

"பணிமனை, தண்ணித் தொட்டி, மூணு ரோடு, பள்ளிக்கூடம், மரக்கடை, பழைய பாலம், சந்தை..." அருவி கொட்டுவது போலக் கொட்டியது. நடுவில் ஒரு திணறல் இல்லை. முப்பத்தோராவதாகப் பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றபோது அறையில் மற்ற இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவர் காதுவரை இளித்தார்.

டீச்சர் பெட்டியிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினாள். ஆற்றின் குறுக்கே ஒரு பாலம். "இது என்ன?"

இளிப்பு நின்றுவிட்டது. படத்தைப் பார்த்தார். உதட்டைக் குவித்தார். ஒன்றும் இல்லை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, "பணிமனை, தண்ணித் தொட்டி, மூணு ரோடு, பள்ளிக்கூடம், மரக்கடை, பழைய பாலம்" என்று சொல்லி, அங்கே கையைத் தூக்கி நிறுத்தி, "பாலம்" என்றார். ஒரு வார்த்தைக்காக ஆறு நிறுத்தம் போக வேண்டியிருந்தது. வியர்த்துக் கொட்டியது.

"போதும். இதை வச்சு ஒரு கை பாக்கலாம்" என்றாள் டீச்சர்.

அதன் பிறகு அவருடைய படிப்பெல்லாம் அந்த வழித்தடத்தில்தான் நடந்தது. முதல் வாரம் பணிமனையிலிருந்து கிளம்பிப் பாலத்தைப் பிடித்தார். இரண்டாவது வாரம் பள்ளிக்கூடத்தில் ஏறிப் பாலத்தில் இறங்கினார். ஒரு மாதத்தில் எங்கும் ஏறாமலே பாலம் வந்தது. பிறகு ஒவ்வொரு நிறுத்தத்திலும் டீச்சர் புது வார்த்தைகளைக் கொண்டுவந்து இறக்கினாள். பள்ளிக்கூடத்தில் பேனா, பலகை, மணி. மரக்கடையில் ஆணி, சுத்தியல், மேசை. நாளைக்கு நான்கு வார்த்தை என்று கணக்கு. அதில் இரண்டு மறுநாள் ஓடிப்போயிருக்கும். ஓடிப்போனதைப் பிடித்துவந்து மறுபடி உட்கார வைக்க வேண்டும்.

நடக்க முடிந்ததும் தினமும் தன் பழைய பஸ்ஸிலேயே போய் ஏறினார். டிரைவருக்குப் பின்னால் முதல் சீட். புதுக் கண்டக்டர் நிறுத்தத்தின் பெயரைச் சொல்லும் முன்னால் இவர் மனதுக்குள் சொல்லிவிட வேண்டும். அது இவரே வைத்துக்கொண்ட பயிற்சி. பழகிய பயணிகள் ஏறும்போது, "ரேடியோ, எப்படி இருக்கீங்க?" என்பார்கள். அவர் வாயைத் திறப்பார். வார்த்தை வந்து சேர்வதற்குள் அவர்கள் பரிதாபமாகத் தலையாட்டிவிட்டு நகர்ந்திருப்பார்கள். ஒருநாள் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம், அவருக்குக் காது கேட்காது என்று நினைத்தாளோ என்னவோ, "எப்படிப் பேசுவார் தெரியுமா? இப்ப பாரு, மரம் மாதிரி உக்காந்திருக்கார்" என்றாள். அன்றைக்கு அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார். வீடு வரைக்கும் நடந்தே வந்தார். மறுநாள் காலையில் அதே பஸ்ஸில் அதே சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

வீட்டில் மனைவி ஒரு சட்டம் போட்டாள். அவர் பேசும்போது யாரும் குறுக்கே வார்த்தையை எடுத்துக் கொடுக்கக் கூடாது. மகளுக்குத்தான் அது பெரிய பாடாக இருந்தது. அப்பா "அந்த... அந்த..." என்று தொடங்கினால் போதும், "துண்டா? செருப்பா? பேப்பரா?" என்று அடுக்குவாள். அப்பா திணறுவதைப் பார்க்க அவளால் முடியவில்லை.

ஒருநாள் மதியம் மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஒரு வாய் வைத்ததும் அவர் முகத்தைச் சுளித்தார். "அது" என்றார். "வெள்ளை... அது... கதவு... இல்ல!" மேசையைக் குத்தினார்.

மகள் வாயைத் திறந்தாள். மனைவி அவள் தொடையைக் கிள்ளினாள். உப்பு ஜாடி அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அவர் அதை எடுக்கவில்லை. வார்த்தையைத்தான் எடுக்கப் பார்த்தார். ஐந்து நிமிஷம் போயிற்று. சாப்பாடு ஆறிப் போயிற்று. நரம்பு புடைக்கப் புடைக்க முயன்றார், வரவில்லை. கடைசியில் தட்டை இழுத்து, உப்பில்லாத சாப்பாட்டை ஒரு பருக்கை விடாமல் விழுங்கிவிட்டு எழுந்து போனார்.

"அம்மா, உனக்கு ஈவு இரக்கமே கிடையாதா?" என்று மகள் கேட்டாள். கண் நிறைந்திருந்தது.

"இருக்கு. அதனாலதான் வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

மறுநாள் விடிந்ததும் அவர் சமையலறை வாசலில் வந்து நின்று, "உப்பு" என்றார். யாரும் கேட்கவில்லை, எதற்கும் தேவைப்படவும் இல்லை. "உப்பு. உப்பு. உப்பு" என்று மூன்று தடவை சொல்லிவிட்டுப் பல் தேய்க்கப் போனார்.

ஆறாவது மாதம் மருத்துவக் குழுவின் முன்னால் போய் நின்றார். வேலைக்குத் திரும்பத் தகுதி உண்டா இல்லையா என்று மூன்று டாக்டர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். கையைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினார். நடக்கச் சொன்னார்கள், நடந்தார். நடுவில் இருந்தவர் தன் மணிக்கட்டைக் காட்டி, "இது என்ன?" என்றார். கடிகாரம். அந்த வார்த்தை நேற்று சாயங்காலம்கூட வாயில் இருந்தது. இப்போது இல்லை. "சரி, ஒரு பயணி கேக்கறார். பழைய பாலத்துக்கு அடுத்த ஸ்டாப்பு எது?" பதற்றத்தில் மாதக்கணக்காகச் சேர்த்ததெல்லாம் கலைந்தது. மறுபடி பணிமனையிலிருந்து கிளம்ப வேண்டியதாயிற்று. அவர் சந்தைக்குப் போய்ச் சேர்வதற்குள் டாக்டர் எழுதி முடித்துவிட்டார்.

தகுதியில்லை. மருத்துவ ஓய்வில் போகலாம்.

பணிமனை மேலாளர் நல்ல மனிதர். காகிதத்தை நீட்டி, "கையெழுத்துப் போட்டுட்டு வீட்ல நிம்மதியா இருங்க. நீங்க பாக்காத வேலையா?" என்றார்.

ரேடியோ காகிதத்தைத் தொடவில்லை. "வேற" என்றார்.

"வேற என்ன?"

"வேற... வேலை."

"வேற வேலைன்னா இங்க என்னய்யா இருக்கு? பஸ் கழுவற இடத்துலதான் ஒரு ஆள் குறையுது. அதைப் போய் உங்ககிட்ட..."

"அது" என்றார் ரேடியோ. "நாளைக்கு."

பத்தொன்பது வருஷம் சீருடை மடிப்புக் கலையாமல் ஏறி இறங்கிய பஸ்ஸை, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, நீளக் கைப்பிடி வைத்த தூரிகையால் தேய்த்துக் கழுவினார். முதல் வாரம் வலது கை தூரிகையைப் பிடிக்கவே மாட்டேன் என்றது. இடது கையால் பிடித்து, வலது கையை அதன் மேல் வைத்துத் தேய்த்தார். பழைய சகாக்கள் சிலர் அந்தப் பக்கம் வருவதையே நிறுத்திக்கொண்டார்கள். சிலர் வந்து, "உங்களுக்கு இந்த நிலைமையா!" என்று உச்சுக் கொட்டினார்கள். டிரைவர் மட்டும் தன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, "யோவ் ரேடியோ, நேத்து பின் கண்ணாடியைக் கழுவினியா, இல்ல தடவிக் குடுத்தியா?" என்று வம்புக்கு இழுப்பார். ரேடியோவுக்குப் பதில் கைவசம் இருந்தது. வாய்க்குத்தான் வராது. மூன்றாவது நாள் டிரைவர் வண்டியை எடுக்கும்போது ஓடிவந்து ஜன்னலைத் தட்டி, "கண்ணாடி... சுத்தம். உன்... மூஞ்சிதான்... அழுக்கு" என்றார். மூன்று நாள் பழைய கேள்விக்குப் பதில் அது. டிரைவர் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார்.

வேலை முடிந்து ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தால் ஆறு மணிக்கு மனைவி வருவாள். ஒருநாள் அவள் கைப்பையை மாட்டிவிட்டு உட்கார்ந்ததும், அவர் பஸ் கழுவும்போதெல்லாம் கோத்து வைத்திருந்த கேள்வியைக் கேட்டார்.

"உன்... வேலை. என்ன... செய்வே?"

"இருபத்திரண்டு வருஷம் கழிச்சுக் கேக்கறீங்களா?"

"ஆமா."

சொன்னாள். கண்ணாடி வில்லையை ஃபிரேமின் அளவுக்கு விளிம்பு தேய்த்துப் பொருத்துவது அவள் வேலை. நடுப்புள்ளி கண்மணிக்கு நேராக உட்கார வேண்டும். மயிரிழை தப்பினாலும் போட்டுக்கொள்கிறவருக்குப் படிக்கட்டு கோணலாகத் தெரியும், தலை சுற்றும். மூன்று வருஷத்துக்கு முன்னால் முதலாளி அவசரத்துக்காகச் சரிபார்க்கிற வேலையையே எடுத்துவிடப் பார்த்தார். அவள் எழுந்து நின்று, முடியாது என்றாள். எட்டுப் பெண்கள் அவளுக்குப் பின்னால் எழுந்து நின்றார்கள். முதலாளி இறங்கி வந்தார். அவள் சொல்லச் சொல்ல ரேடியோ அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. பேசவும் முடியாது.

"ஏன்... சொல்லல? அப்ப?"

"சொன்னேனே. பாதி சொல்லும்போது நீங்க எங்க முதலாளி மாதிரி மூக்கைச் சுருக்கிப் பேசிக் காட்டினீங்க. நல்லாத்தான் இருந்துது. நானும் சிரிச்சுட்டேன். அப்புறம் மீதியை மறந்துட்டேன்."

அவர் தலை குனிந்துகொண்டார். அதன் பிறகு தினமும் ஆறு மணிக்கு அவள் பேச்சுதான். மகளும் வந்து உட்காரத் தொடங்கினாள். ஒருநாள் அவள் திடீரென்று, "அப்பா, ரோட்டுல நீங்க திக்கித் திக்கிப் பேசும்போது எனக்கு வெக்கமா இருக்கு. அப்படி நினைக்கறதும் வெக்கமா இருக்கு" என்று சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"எனக்கும்" என்றார் அவர். இருவருக்கும் அது பெரிய ஆறுதலாக இருந்தது.

இதைக் கேள்விப்பட்டு அண்ணன் மறுபடி வந்தார். "நான் அன்னைக்கே சொல்லல? நோய் வந்தாலும் வந்துது, நல்ல புருஷனாக்கிடுச்சு பாத்தியா?"

இந்தத் தடவை மனைவி விடவில்லை. "நோய் ஒண்ணையும் ஆக்கல அண்ணா. அது வந்து இவரை உடைச்சுது, அவ்வளவுதான் அதோட வேலை. இதே ஆஸ்பத்திரியில இதே நோய் வந்து மூஞ்சியைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டுப் படுத்தவங்களை நான் பாத்திருக்கேன். அவங்களைக் குத்தம் சொல்லல. ஆனா இவர் எழுந்தது இவர் உழைப்பு. அதைத் தூக்கி நோய்க்குக் குடுக்காதீங்க."

ரேடியோ விரலால் மேசையைத் தட்டினார். எல்லாரும் திரும்பினார்கள். "திருப்பி... குடுத்தா," என்றார், "என் வாயை... உடனே... வாங்கிக்குவேன்." நிறுத்தி மூச்சு வாங்கினார். "ஆனா... இவ பேசறதை... விட மாட்டேன்."

இரண்டாவது முறை மருத்துவக் குழுவுக்கு அவர் போனது பதினேழாவது மாதத்தில். அதே அறை, அதே மேசை, நடுவில் அதே டாக்டர். கடிகாரம் வந்தது. பேனா வந்தது. பாலத்துக்கு அடுத்த நிறுத்தம் சந்தை என்று இரண்டே மூச்சில் வந்தது. டாக்டருக்கே ஆச்சரியம். ஆனாலும் தயங்கினார். "கூட்டமான பஸ்ஸுல, நாலு பக்கமும் நாலு பேர் கத்தும்போது..."

"முடியாது" என்றார் ரேடியோ. "தெரியும். முயற்சி... பண்ணிப் பாத்தேன். பஸ்ஸுல... உக்காந்து. முடியாது." சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். தானே இடது கையால் எழுதிய விண்ணப்பம். எழுத்து கோணல் மாணலாக இருந்தாலும் படிக்க முடிந்தது. பெரிய பஸ் ஸ்டாண்டில் விசாரணை ஜன்னல் வேலை கேட்டிருந்தார்.

ஓரத்தில் இருந்த டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "விசாரணைன்னா நாள் பூரா பேசணுமேய்யா!"

"இல்ல" என்றார் ரேடியோ. "கேக்கணும். அங்க... யாரும்... கேக்கறதில்ல. பாதியிலேயே... பதில் சொல்றாங்க. தப்பா... அனுப்பறாங்க. நான்... முழுசா கேப்பேன்."

நடு டாக்டர் பேனாவைக் கையில் எடுத்தார். சில வாரம் முன்னால் அந்த ஜன்னலில் கேட்டு அவரே தப்பான பஸ்ஸில் ஏறியிருந்தார். ஒரு மாதம் சோதித்துப் பார்க்கலாம் என்று எழுதினார்.

அந்த ஒரு மாதம் லேசானதாக இருக்கவில்லை. ஜன்னல் என்பது ஒரு முழ அகலக் கம்பித் தடுப்பு. அந்தப் பக்கம் எப்போதும் இருபது பேர். முதல் நாளே ஒருவன், "இந்த ஊமையைப் பிடிச்சு எவன்யா இங்க உக்கார வச்சது?" என்று கத்தினான். ரேடியோவின் காது சூடாகியது. பழைய ரேடியோவாக இருந்தால் அந்த ஆளைப் பஸ் ஸ்டாண்டே சிரிக்கும்படி செய்து அனுப்பியிருப்பார். இப்போது அது முடியாது. நிமிர்ந்து பார்த்தார். "மெதுவா... சொல்வேன்" என்றார். "சரியா... சொல்வேன். எங்க போகணும்?" சொன்னான். ஏழாவது மேடை, பத்து மணி ஐந்து. ஒவ்வொரு சொல்லாக, இடைவெளி விட்டுச் சொன்னார். அவன் முணுமுணுத்துக்கொண்டே போனான். சரியான பஸ்ஸில் ஏறினான்.

வார்த்தை அடியோடு வராத நேரத்துக்காக, எல்லா ஊர்ப் பெயரையும் மேடை எண்ணையும் கொட்டை எழுத்தில் எழுதிப் பக்கத்தில் மாட்டிக்கொண்டார். விரலால் காட்டுவார். இரண்டாவது வாரத்தில் ஒரு கிழவர் வந்து, எந்த ஊர் என்று சொல்லத் தெரியாமல், மகள் வீட்டைப் பற்றி, அதன் எதிரில் இருக்கும் குளத்தைப் பற்றி, பேரன் பேரைப் பற்றி எல்லாம் சொல்லிக்கொண்டே போனார். வரிசையில் நின்றவர்கள் கூச்சல் போட்டார்கள். ரேடியோ கையைக் காட்டி அவர்களை அடக்கிவிட்டு, கிழவரை முழுவதும் சொல்ல விட்டார். குளம், எதிரில் தீப்பெட்டிக் கம்பெனி, பக்கத்தில் ரயில்வே கேட். "மூணாவது... மேடை" என்றார். "கேட்டுல... இறங்குங்க." பக்கத்து ஜன்னலில் பன்னிரண்டு வருஷமாக இருக்கிற குமாஸ்தா எட்டிப் பார்த்தார். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றார். ரேடியோ தன் காதைத் தொட்டுக் காட்டினார்.

மாத முடிவில் மேலாளர் புகார்ப் புத்தகத்தைப் புரட்டினார். மெதுவாகப் பேசுகிறார் என்று ஒன்பது புகார். தப்பாக அனுப்பினார் என்று ஒன்றுகூட இல்லை. வேலையை உறுதி செய்தார்.

இது நடந்து நான்கு வருஷம் ஆகிறது. பேச்சு டீச்சர் முதல் நாளே சொன்னது போல, சிலது வரவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்ற வார்த்தை இன்றுவரை அவருக்கு வசப்படவில்லை. "சனிக்கு அடுத்தது" என்பார். தொலைபேசியில் பேச முடியாது. கோபம் வந்தால் எல்லாம் குழம்பிவிடும், அதனால் கோபத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடப் பழகியிருக்கிறார். அதுவும் எல்லா நாளும் கைகூடுவதில்லை. போன மாதம் மகளுக்கு வேலை கிடைத்த செய்தியை அவளே வந்து சொன்னபோது, நிறையச் சொல்ல நினைத்து ஒன்றும் வராமல், குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். அரைமணி கழித்து வந்து, "பெருமை" என்றார். அவளுக்கு அது போதுமாக இருந்தது. அவருக்குப் போதவில்லை.

சென்ற வருஷம் நேரக் கண்காணிப்பாளர் பதவிக்குத் தேர்வு எழுதினார். எழுத்தில் தேறினார். நேர்முகத்தில் பத்து நிமிஷத்துக்குள் எட்டுக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். ஐந்துதான் முடிந்தது. வீட்டுக்கு வந்து சொன்னார், சாப்பிட்டார். மறுவாரமே பேச்சு டீச்சரிடம் போய், கடிகாரம் வைத்துப் பயிற்சி கேட்டார். பத்து நிமிஷத்தில் இப்போது ஏழு வருகிறது.

இந்த வருஷத் தேர்வுக்கு விண்ணப்பம் வாங்க நேற்று காலை தலைமை அலுவலகத்துக்குப் போனார். படிவம் கொடுக்கிற எழுத்தர் அவரை அடையாளம் கண்டுகொண்டார்.

"போன தடவை வந்தீங்கள்ல? நேர்முகத்துக்கு இந்த வருஷமும் பத்து நிமிஷம்தான் சார். மாத்தல."

"தெரியும்" என்றார். "படிவம்... குடுங்க."

அங்கேயே ஜன்னலோரம் இருந்த மேசையில் உட்கார்ந்து, இடது கையால் நிதானமாக நிரப்பினார். எழுத்தர் இரண்டு தடவை எட்டிப் பார்த்து, உதவி வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினார். நிரப்பி முடித்து, ஒரு தடவை படித்துப் பார்த்து, நீட்டினார். சீல் குத்திய ரசீதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பத்து மணிப் பணிக்கு நேரமாகிவிட்டதால் படிகளில் வேகமாக இறங்கினார்.